கேட்டலுக்கு வாயும் வேண்டும்

தமிழில் ‘கேள்’ என்னும் வினைக்குப் பொருள் இரண்டு. செவியால் ஏற்பதும் கேட்டல். வாயால் வினவுவதும் கேட்டல். மலாய்மொழி இவற்றைத் ‘டெங்ஙார்’ என்றும் ‘தாஞா’ என்றும் பிரித்துக் கூறும். ஆங்கிலமும் அவ்வாறே பிரிக்கும். தமிழோ இரண்டையும் ஒரே சொல்லில் கட்டி வைத்தது. ‘ஆசிரியரிடம் பாடம் கேட்டான்’ என்று பழைய மாணாக்கனைக் குறித்துச் சொல்லும்போது, அவன் வாய்மூடி அமர்ந்திருந்தான் என்று எவரும் பொருள் கொண்டதில்லை. ஐயம் எழுப்பினான், மறுமொழி பெற்றான், மீண்டும் ஐயுற்றான் என்பதெல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கும். ஜார்ஜ் டவுன் நகரில் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு வெளிக்களக் கல்விக் கருவியாகச் சிலரால் முன்மொழியப்படும் ‘ஒலி உலா’, இவ்விரு பொருளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அறுத்தெறிகிறது. அதனாலேயே அஃது எதிர்க்கப்பட வேண்டியதாகிறது. எதிர்ப்பு கருவிக்கு அன்று. அதனைப் பயன்படுத்தச் சொல்லும் முறைக்கு.

ஒலி உலா என்பது யாது? கைப்பேசியிலோ, வாடகைக்குத் தரப்படும் சிறு கருவியிலோ முன்னரே பதிவுசெய்த விளக்கவுரை இருக்கும். காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு, வரைபடத்தில் குறித்த இடத்தில் நின்று, உரிய எண்ணைத் தட்டினால் அவ்விடத்தின் வரலாறு காதில் ஒலிக்கும். வழிகாட்டி வேண்டியதில்லை, பிறருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதனைப் புதுமை என்று கொண்டாடுவோர் உளர். 1952ஆம் ஆண்டிலேயே ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அரும்பொருளகத்தில் சிற்றலை வானொலி வழியே இத்தகைய விளக்கவுரை ஒலிபரப்பப்பட்டது. ஒரே ஒலிபரப்பு எல்லாருடைய காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தமையால், வந்தவர் அனைவரும் ஒரே படத்தின் முன் ஒன்றாக நின்று, ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக நகர்ந்தனர். எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒன்று, பினாங்குக்குப் பிந்தி வந்தமையால் மட்டும் புதுமை ஆகிவிடாது. லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் சீ மாளிகையைப் பார்க்கச் செல்வோருக்கும் இத்தகைய ஒலி உலா உண்டு. நாற்புறமும் சுவர் சூழ்ந்த ஒரு மாளிகைக்கு அது பொருந்தும். அம்முறையை அப்படியே தெருவுக்கும், அதிலும் பன்னிரண்டு அகவைக்குட்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பொருத்த முனைவதே இங்கு வழக்குக்குரியது.

(உலா என்னும் சொல்லுக்குத் தமிழில் தனிப்பெருமை உண்டு. தலைவன் தெருவில் வர, தெருவே எழுந்து வந்து அவனைப் பார்ப்பது உலா. இங்கோ வருபவன் தெருவைப் பாரான். தெருவும் அவனைப் பாராது.)

முன்மொழிவோர் கூறும் காரணங்களை ஒதுக்கிவிடுதல் முறையன்று. பினாங்கு மாநிலத்தில் இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பணியாற்றும் ஆசிரியருள் பலர் கெடாவிலும் பேராக்கிலும் பிற மாநிலங்களிலும் பிறந்து வளர்ந்து, பணிமாற்றத்தால் இத்தீவுக்கு வந்தவர்கள். குயின் தெருவுக்கும் கிங் தெருவுக்கும் வேறுபாடு தெரியாத ஒருவர், முப்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கு நின்று என்ன சொல்வார்? தப்பும் தவறுமாகச் சொல்வதைவிட, வல்லுநர் எழுதிய உரையைப் பிள்ளைகள் கேட்பது மேல் அன்றோ? மேலும், மெல்லக் கற்பவன் ஒரே பகுதியை இருமுறை கேட்கலாம். விரைந்து கற்பவன் முன்னே செல்லலாம். இவை அவர்கள் வாதங்கள்.

முதல் வாதத்தில் உண்மை உண்டு. ஆயின் அவ்வுண்மை காட்டும் வழி வேறு. தெருவை அறியாதவர் ஆசிரியர் என்றால், ஒலி உலாவைக் கேட்க வேண்டியவரும் ஆசிரியரே. ஒரு சனிக்கிழமை காலையில் தனியே சென்று அவர் கேட்கட்டும்; நூல்களைப் புரட்டட்டும்; இரண்டாம் முறை நடக்கட்டும். பாடம் நடத்துமுன் ஆயத்தம் செய்தல் ஆசிரியத் தொழிலின் முதற்கடமை. அதனைத் தாம் செய்யாமல் விட்டுவிட்டு, மாணவன் காதில் ஒரு பொறியைச் செருகி அனுப்புவதற்குக் கற்பித்தல் என்று பெயரிடலாகாது. 1972ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அதனை நன்கு பயன்படுத்திய ஆசிரியர்கள், ஒளிபரப்புக்கு முன் வினாக்களைக் கரும்பலகையில் எழுதினர். முடிந்தபின் அரைமணி நேரம் கலந்துரையாடினர். பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுப் பின்னிருக்கையில் பயிற்சிநூல்களைத் திருத்திக்கொண்டிருந்தோரும் இருந்தனர். கருவி ஒன்றே, வகுப்புகள் இரண்டு. அன்று கற்ற பாடம் இன்று மறந்துபோனது எவ்வாறு?

இரண்டாம் வாதம், அவரவர் வேகத்தில் கற்றல் என்பது. லெபோ சூலியாவில் ஒருமுறையேனும் நடந்தவர் இதனைச் சொல்லத் துணியார். ஐந்தடி நடைபாதை என்று பெயர்பெற்ற கடைமுன் வழிகளில் பாதியை மோட்டார் சைக்கிள்களும் விற்பனைப் பொருள்களும் அடைத்துக்கொண்டிருக்கும். நடப்பவர் தெருவில் இறங்கியே ஆகவேண்டும். பின்னால் வரும் வண்டியைக் காதுதான் முதலில் அறிவிக்கும். அந்தக் காதை அடைத்துக்கொண்டு, முப்பது பிள்ளைகள் முப்பது வேகத்தில் செல்வதென்றால், ஆசிரியர் வரலாற்றைப் பார்ப்பாரா, தலைகளை எண்ணுவாரா?

இவையெல்லாம் புறக்காரணங்கள். அகக்காரணம் இனித்தான். ஜார்ஜ் டவுன் கண்ணுக்கு மட்டும் உரிய நகரன்று. காதுக்கும் உரிய நகர். பிட் தெரு என்று முன்னர் வழங்கி, இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் எனப்படும் தெருவை ஒட்டிய சிறு பரப்பில், 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், சீனர் வழிபடும் குவான் யின் கோயிலும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், 1801இல் நிலம் பெற்று எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கின்றன. உச்சிப்பொழுதில் அங்கு நிற்கும் ஒரு பிள்ளை, ஒருபுறம் கோயில் மணியையும் ஒருபுறம் தொழுகை அழைப்பையும் கேட்கலாம். சற்று நடந்தால் லெபோ பாசார். மூத்த தலைமுறையினர் அதனைக் ‘கடைத்தெரு’ என்றே சொல்வர். அங்கே ஒவ்வொரு கடையும் தன் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பாட்டை ஒலிக்கவிடும். பூக்கட்டுவோர் விலை கூறுவர். நாணயம் மாற்றுவோர் தமிழிலும் மலாயிலும் மாறிமாறிப் பேசுவர். ‘இத்தெருவில் எப்போதும் இசை ஒலித்துக்கொண்டிருக்கும்’ என்று காதிலுள்ள பொறி சொல்லும். அதைக் கேட்பதற்காக அந்த இசையைப் பிள்ளை அடைத்துக்கொள்ள வேண்டும்! இதனினும் பெரிய நகைச்சுவையைக் கல்விக்கருவி என்னும் பெயரால் எவரும் படைத்ததில்லை.

அடுத்து, அவ்வுரை யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை நோக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பெருகிய விளக்கக் கருவிகளுட் பெரும்பாலானவை வெளியிலிருந்து வரும் பயணியை எண்ணியே எழுதப்பட்டவை. அதில் குற்றமொன்றும் இல்லை. பயணிக்குச் சொல்லும்போது ‘இந்துக்கள் இங்கே வழிபடுகின்றனர், அவர்கள் பூமாலை சூட்டுவர், அவர்கள் நேர்த்திக்கடன் செலுத்துவர்’ என்றுதான் சொல்ல இயலும். ஆனால் அதே உரையை, முந்திய வெள்ளிக்கிழமை தன் தாயோடு அக்கோயிலுக்கு வந்துசென்ற தமிழ்ச் சிறுமியின் காதில் ஒலிக்கவிட்டால் நிகழ்வது என்ன? தன் தாயை ‘அவர்கள்’ என்று கேட்கப் பழகுகிறாள். தன் தெருவில் தானே அயலாள் ஆகிறாள். ஓரிரு முறை கேட்பதால் ஒன்றும் கெட்டுவிடாது என்பர். கல்வியின் பெயரால், பள்ளியின் ஏற்போடு, ஆசிரியரின் முன்னிலையில் கேட்பது ஓரிரு முறையானாலும் ஆழப் பதியும்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் முன் ஒரு வகுப்பு நிற்கிறது என்று கொள்க. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின்போது அங்குள்ள தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராய் அமர்த்தப்பட்ட காதர் மைதீன் என்பவரால் அது நிறுவப்பட்டது என்று ஒலி உலா சொல்லும், சரியாகவே சொல்லும். வகுப்பில் எவனாவது ஒருவன், ‘கெலிங் என்று என்னை ஒருவன் ஏசினானே, அந்தச் சொல்லையா பள்ளிவாசலுக்கு வைத்தார்கள்?’ என்று கேட்பான். கேட்காவிட்டாலும் நினைப்பான். அங்குதான் பாடம் தொடங்குகிறது. கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரின் வழிவந்த சொல் அஃது என்பர். பழைய மலாய் இலக்கியத்தில் இழிவுப் பொருளின்றி வழங்கிய சொல். பிற்காலத்தில் புண்படுத்தும் சொல்லாயிற்று. இன்று அவ்வாறு ஒருவரை அழைத்தல் தகாது. ஆயினும் பள்ளிவாசலின் பெயர் வரலாற்றுப் பெயராய் நிற்கிறது. இவ்வளவையும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அவன் புண்ணின் அளவறிந்து, அமைதியாகச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். பொறிக்கு முகம் தெரியாது. அது 1801 என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு இடப்பக்கம் திரும்பச் சொல்லும்.

எனில், ஒலி உலாவைத் தமிழ்ப்பள்ளி அறவே தள்ளிவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. கேட்பவனாக நிற்கும் மாணவனை ஆக்குபவனாக மாற்றினால், அக்கருவியே பொன்னாகும். இதற்குப் புதிய கல்விக்கொள்கை எதனையும் தேடி அலைய வேண்டியதில்லை. பவணந்தியாரின் நன்னூற் பொதுப்பாயிரம் போதும். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது புலமையின் காற்பங்கே என்று அந்நூல் கணக்கிடுகிறது. உடன்கற்போரோடு பயிலுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் மட்டுமே நிறையும். தமிழாசிரியர் அனைவரும் பயிற்சிக் காலத்தில் கற்ற பகுதி இது. தேர்வெழுதியதோடு பலர் மறந்த பகுதியும் இதுவே. இக்கணக்கின்படி, ஆயத்தமாய் வாங்கிய ஒலி உலாவை எவ்வளவு சிறப்பாகக் கேட்டாலும் மாணவன் காற்பங்கில் நிற்கிறான். காதொலிப்பான் ஒவ்வொருவனையும் தனித்தனியே அடைத்துவிடுவதால் உடன்கற்போரால் வரும் காற்பங்கும் போயிற்று. எடுத்துரைக்கும் அரைப்பங்கோ ஒலிப்பதிவுக் கூடத்தில் எவரோ ஒருவருக்குச் சேர்ந்துவிட்டது. மாணவர்களே ஒலி உலாவை ஆக்கினால் மூன்று பங்கும் அவர்களுக்கே.

ஆக்கும் வழி அரியதன்று. ஐந்தாம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ பயிலும் ஒரு வகுப்பு, ஆறு நிறுத்தங்களைத் தேர்ந்துகொள்ளட்டும். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு குழு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிட உரை. இரண்டு நிமிடம் என்பது ஏறத்தாழ இருநூறு சொற்கள். ஒரு கட்டுரையின் அளவே. முதலில் வினாக்களை எழுதுதல். பின்னர் தெருவுக்குச் சென்று கேட்டல். கேட்டதை நூலோடும் இன்னொருவர் சொல்லோடும் ஒப்பிடுதல். எழுதுதல், படித்துத் திருத்துதல், இறுதியாகப் பதிவு செய்தல். மாணவர் கைப்பேசி கொண்டுவரத் தடையிருப்பதைக் காட்டித் தயங்குவோர்க்கு ஒரு சொல்: ஆசிரியரின் ஒரு கைப்பேசி முழு வகுப்புக்கும் போதும். தேர்வு நெருக்கடியைக் காட்டுவதும் இனிச் செல்லாது. ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று தமிழ்மொழிக் கலைத்திட்டம் வகுத்துள்ள திறன்கள் நான்கும் இந்த ஒரு பணியில் அடங்குகின்றன.

அவ்வாறு வினவச் செல்லும் பிள்ளைக்குக் கிடைப்பவை எத்தகையவை? பினாங்குத் தெருவில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கட்டடங்களைப் பற்றிக் கேட்டால் ‘கிட்டங்கி’ என்னும் சொல் வந்து விழும். வகுப்பறையில் அவன் கண்டிராத சொல். கிடங்கு என்னும் தமிழோடும், குடாங் என்னும் மலாயோடும், கோடௌன் என்னும் ஆங்கிலத்தோடும் அதற்குள்ள உறவை ஆசிரியர் விளக்கலாம். அத்தெருவின் கடைப்பலகைகளில் ‘கெடாய்’ என்னும் மலாய்ச் சொல்லைக் காண்பான். அது தமிழ்க் ‘கடை’ கடல் கடந்து வந்த வடிவம். துறைமுகத்தில் வழங்கும் ‘காப்பால்’ தமிழ்க் ‘கப்பல்’. தன் மொழி இந்நாட்டின் தேசியமொழிக்குள் வாழ்வதைப் பெயர்ப்பலகையில் கண்டறியும் மாணவனுக்குத் தமிழின் பெருமையைப் பற்றி மேடையில் முழங்க வேண்டிய தேவை ஏற்படாது.

எல்லாவற்றினும் மேலானது, மாந்தர் குரல். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ‘ரஜுலா’ என்னும் கப்பல் 1926 முதல் 1973 வரை பினாங்குக்கு வந்து சென்றது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ 1985இல் தீ விபத்துக்குள்ளாகிப் பயணம் ஒழிந்தது. அக்கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுள் இன்று உயிரோடிருப்போர் முதியோர். ரஜுலாவில் பத்து வயதுப் பிள்ளையாய் வந்தவரும் அறுபதைக் கடந்துவிட்டார். எந்தத் துறையில் இறங்கினர், ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடுப்புக்கென்று தங்கவைக்கப்பட்டனரா, முதலிரவு யார் வீட்டுத் திண்ணையில் உறங்கினர் என்பனவற்றை அவரிடம் யார் கேட்டு வைத்தார்கள்? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த அல்கத்ராஸ் தீவுச் சிறை 1963இல் மூடப்பட்டது. அங்கு இன்று வழங்கும் ஒலி உலா பலராலும் பாராட்டப்படுவதற்குக் காரணம், அதில் பேசுவோருள் அச்சிறையில் காவல் புரிந்தவரும் அடைபட்டிருந்தவரும் இருப்பதே. சிறைக் கூடத்துக்கே அக்குரல்களைத் தேடிச் சேர்த்தார்கள். கடல் கடந்து வந்து ஒரு நகரை உழைப்பால் எழுப்பியவர்களின் குரலுக்கு அத்தகுதி இல்லையா?

காலம் காத்திருக்கவில்லை என்பதற்கு ஜார்ஜ் டவுனே சான்று. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கடைவீடுகளில் எளிய மக்களைக் குறைந்த வாடகையில் குடியிருக்கச் செய்தது. 1999 இறுதியோடு அப்பாதுகாப்பு முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகைகள் ஏறின. தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த குடும்பங்களும் சிறுதொழில் செய்தோரும் நகருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். மரபுச் சின்னம் என்னும் புகழ் வந்தபின் பல கடைவீடுகள் தங்கும் விடுதிகளாயின. கட்டடம் நிற்கிறது, அதைப் பற்றிச் சொல்ல வல்லவர் ஆயர் ஈத்தாமிலோ பட்டர்வொர்த்திலோ ஒரு மாடிவீட்டில் இருக்கிறார். சில வீடுகளில் அவர் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனின் பாட்டனாகவே இருக்கிறார். கட்டடத்துக்கு முன் நின்று பொறியைக் கேட்கும் அம்மாணவன், வீடு திரும்பியதும் பாட்டனிடம் கேட்கமாட்டான். தெரிந்துகொண்டாயிற்று என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்களே!

‘சிறுவர்க்கு இஃது இயலுமா?’ என்று வினவுவோர்க்குப் பினாங்கே விடை சொல்லும். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆர்ட்ஸ் எட் என்னும் அமைப்பு, ‘அனாக் அனாக் கோத்தா’ எனும் திட்டத்தின்கீழ் நகரச் சிறுவரை அழைத்துச் சென்று, பழந்தெருக்களையும் அங்குள்ள தொழில்களையும் நேரே ஆராயவைத்து, கண்டதைக் கலைவடிவில் வெளிப்படுத்தச் செய்தது. ஆகவே வழி புதிதன்று. தமிழ்ப்பள்ளிகள் அதில் நடப்பதே மீதி.

பிழை நேரும் என்பது இறுதி மறுப்பு. நேரும். ஆண்டு ஒன்று மாறலாம். பெயர் ஒன்று திரியலாம். அடுத்த ஆண்டு வகுப்பு அதனைத் திருத்திப் பதிவு செய்யட்டும்; திருத்துவதும் பாடமே. உச்சரிப்புப் பிழையும் நேரும். தன் குரலைத் தானே கேட்கும் மாணவன், ‘பழம்’ என்று தான் எண்ணியது ‘பளம்’ என்று ஒலிப்பதை அன்றுதான் முதன்முதல் அறிவான். ஆசிரியர் நூறு முறை திருத்தியும் அசையாத ளகரம், ஒலிப்பதிவை இரண்டு முறை கேட்டதும் அசையத் தொடங்கும். ஆனால் ஒன்று: முதியவர் பேச்சைத் திருத்தல் ஆகாது. அவர் ‘கப்பலு’ என்றால் அது ‘கப்பலு’வாகவே பதிவாகட்டும். மாணவன் எழுதும் இணைப்புரை செந்தமிழிலும், அவர் சொல்லும் செய்தி அவர் நாவிலும் இருத்தலே முறை.

முதல் நிறுத்தத்தை எங்கு வைப்பது என்று தயங்கும் ஆசிரியர், ஃபார்குவார் தெருவில் பின்னாளில் பினாங்கு அரும்பொருளகமாக ஆக்கப்பட்ட பழைய கட்டடத்தின் முன் வைக்கலாம். 1928இல் கிரீன் லேனுக்குப் பெயரும்வரை பினாங்கு ஃபிரீ ஸ்கூல் அங்கு இயங்கியது. அப்பள்ளியை 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் வேறோர் இடத்தில் தொடங்கியபோது, அதனுள் ஒரு தமிழ் வகுப்பும் இருந்தது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்பட்டு, 2016இல் இருநூறாண்டு நிறைவு கொண்டாடப்பெற்றது அந்த வகுப்புக்கே. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை, யார் படித்தார்கள், யார் கற்பித்தார்கள், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து நடந்து வந்தார்கள் என்று ஐந்தாம் ஆண்டு மாணவர் நால்வர் வினாத்தாளில் எழுதிக்கொண்டு அக்கட்டடத்தின் முன் நிற்கட்டும். விடை கிடைத்தவற்றைப் பதிவின் முதல் நிமிடத்தில் சொல்லட்டும். கிடைக்காதவற்றை, வினாவாகவே, இரண்டாம் நிமிடத்தில் கேட்போரிடம் கேட்கட்டும்.